ரவைப் பதமும் அரை மணி நேரமும்

பச்சைத் தண்ணீரில் காபி இறங்க நேரம் பிடிக்கும். கொதித்த தண்ணீரை ஃபில்டரில் ஊற்றினால் அரை மணிக்குள் டிகாக்‌ஷன் கீழ்த்தட்டில் நின்றுவிடுகிறது. அதே தூளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் 12 மணி நேரம், சில வீடுகளில் 18 மணி நேரம்கூட ஊற வைக்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரின் பாகுத்தன்மை கொதிக்கிற தண்ணீரைப்போல் ஐந்து மடங்கு. தூளின் நுண்துளைக்குள் அது நிதானமாகத்தான் புகும். உள்ளே இருப்பதைக் கரைத்து வெளியே கொண்டுவரவும் நிதானம்தான். ‘கோல்ட் ப்ரூ’ என்று இப்போது எல்லோரும் சொல்கிற இந்த ஊறல் காபியை அரை மணியில், கால் மணியில், ஏன் ஐந்தே நிமிஷத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் சின்ன மெஷின்கள் சமையல் மேடைக்கு வந்துவிட்டன.

நான் மெஷின்காரன் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு காபித்தூள் கடையில் கொட்டை வறுப்பதும் அரைப்பதும் என் தொழில். வேறு வேலை தெரியாது. மெஷின் வாங்கியவர்கள் கடைக்குத் திரும்ப வந்து, “உங்க தூள் இதுக்கு ஆகலைங்க” என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சங்கதிக்குள் நான் வந்தேன். ஒருவருக்குத் தண்ணீராக வந்ததாம். இன்னொருவருக்குச் சேறாக வந்ததாம். இருவருமே ஃபில்டருக்கு அரைத்த தூளைத்தான் வாங்கிப் போயிருந்தார்கள். தூளின் மேல் பழி விழுந்தால் தூள்காரன் சும்மா இருக்க முடியுமா? முதலாளி ஒரு மெஷினை வாங்கிக் கொடுத்தார். வறுவல் கொட்டகையின் ஓரத்தில், தராசுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

இந்த மெஷின்களில் நான் கையாண்டு பார்த்தவை மூன்று விதம். ஒன்றில் தூள் இருக்கும் வலைக்கூடை தண்ணீருக்குள் சுழலும். அரை மணிக்கு முன்பின் ஆகும். இன்னொன்றில் சின்ன பம்ப் ஒன்று கீழே சேர்ந்த காபியை எடுத்து மறுபடி தூளின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் கொட்டகையில் இருப்பது அதுதான். மூன்றாவது, மூடிய பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது. காற்று போனதும் தூளின் துளைகளில் அடைந்திருக்கும் வாயுவும் வெளியேறும். திரும்பக் காற்றை விட்டதும் அந்த இடத்துக்குள் தண்ணீர் நுழையும். நேரத்தில் இதுதான் குறைவு, விலையில் இதுதான் அதிகம். மூன்றும் செய்கிற வேலை ஒன்றே: அசையாமல் கிடக்கும் தண்ணீரை அசைத்து, தூளோடு அடிக்கடி உரசவிடுவது. அதற்கு மேல் எந்த மந்திரமும் அதற்குள் இல்லை. ராத்திரி முழுவதும் ஊறி நடக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கைத்தான் மோட்டார் செய்கிறது. மிச்சப் பங்கைத் தூள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தூளை எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அரைப்புதான் முதல் வேலை. ராத்திரி ஊறலுக்குத் தூள் பெரும் பருக்கையாக இருக்கலாம். நேரம் கிடக்கிறது, தண்ணீர் மெதுவாக நடுப்பகுதி வரைக்கும் போய்ச் சேரும். ஃபில்டருக்கு அதைவிடப் பல மடங்கு பொடி. மேடை மெஷினுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். ரவைப் பதம் என்று கடையில் சொல்கிறோம். அதிலும் உப்புமாவுக்கு வாங்குகிற ரவையில் சன்ன ரகம். பருக்கை பெரிதானால் மெஷின் நிற்கும்போது பாதிச் சாரம் தூளுக்குள்ளேயே நின்றுவிடும். பொடியானால் வலை அடைத்துக்கொள்ளும், பம்ப் முனகும், கோப்பையின் அடியில் வண்டல் நிற்கும்.

பதம் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கடையின் பழைய வறுவல் மாஸ்டர். காபி வாரியத்தின் ஏலத்தில் மட்டுமே கொட்டை வாங்க முடிந்த காலத்து ஆள். எந்த மூட்டை வந்தாலும் அதை வைத்துக் கடையின் ருசியைக் காப்பாற்ற வேண்டியிருந்த காலம் அது. மாஸ்டருக்கு அரைவை மெஷினில் இருக்கும் எண்களின் மேல் நம்பிக்கை கிடையாது. பிளேட் தேயத் தேய அதே எண்ணில் வேறு தூள் விழும் என்பார். விழுகிற தூளின் கீழே கையை நீட்டி ஒரு பிடி வாங்குவார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் தேய்ப்பார். பிறகு பிடியை இறுக்கித் திறப்பார். ஃபில்டர் தூள் என்றால் விரல் அச்சோடு கட்டியாக நிற்க வேண்டும். ஊறலுக்கான பெருந்தூள் என்றால் திறந்தவுடன் உதிர்ந்துவிட வேண்டும். மேடை மெஷினுக்கான பதத்தை இந்தக் கணக்கில்தான் நானும் பிடித்தேன்: கை திறந்தால் நிற்கும், மறு கையால் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினால் இரண்டு மூன்றாகப் பிளந்து விழும். இதை எழுத்தில் படித்தால் வராது. ஒரு கிலோ தூளையாவது பிடித்துப் பிடித்துத் திறந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

காதும் வேண்டும். இரண்டு பிளேட்டில் ஒன்று நிற்கும், ஒன்று சுழலும். திருகை இறுக்கினால் இடைவெளி குறையும். கொட்டை சரியாக விழுந்துகொண்டிருக்கும்போது ஒரே சீரான கரகரப்பு கேட்கும். அது மெல்லிசாகி இழுக்க ஆரம்பித்தால் பிளேட் கிட்டே போகிறது என்று அர்த்தம். “கண்ணு, கண்ணை மூடிட்டுத் திருகு. பார்த்துத் திருகினா ஏமாத்திப் போடும்” என்பார் மாஸ்டர். அவர் விளிம்பில் ஆணியால் கீறி வைத்த கோடு இன்னமும் அந்த மெஷினில் இருக்கிறது. பிளேட் மாற்றியபின் அந்தக் கோட்டுக்கும் பதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அதை யாரும் அழிக்கவில்லை.

வீட்டில் அரைப்பவர்களுக்கு ஒன்று. மிக்ஸியில் அரைத்தால் ரவையும் மாவும் கலந்துதான் கிடைக்கும். பிளேடு வெட்டுவதில் சீர் கிடையாது. ஜாடியின் அடியில் மாவு, மேலே உடைந்த கொட்டை. சின்னச் சின்னதாக விட்டு விட்டு ஓட்டினால் சூடேறாது. ஆனால் மாவு வரத்தான் செய்யும். அதற்கு வழி, வீட்டில் மைதா சலிக்கும் சல்லடை. அரைத்த தூளை அதில் போட்டு மெதுவாகத் தட்டுங்கள். கீழே இறங்கும் மாவுதான் மெஷினின் எதிரி. அது வலையை அடைக்கிறது. அடைக்காவிட்டால் வலையைத் தாண்டிப்போய் காபியைக் கலங்கலாக்கிக் கசப்பேற்றுகிறது. எங்கள் கடைக்குப் புதிதாக வந்த பையன் சலித்த மாவைக் குப்பையில் கொட்டப் போனான். தடுத்து நிறுத்தினேன். அது நல்ல காபி. மறுநாள் காலை ஃபில்டர் தூளோடு ஒரு கரண்டி சேர்த்தால் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். “அண்ணா, இதை ஏன் முதல்லயே சொல்லலை?” என்று கேட்டான். கொட்டப் போகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்!

கடையில் அரைத்து வாங்குபவர்கள் இன்னொன்றைக் கேட்டு வாங்க வேண்டும். உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் தூள் கொஞ்சம் எப்போதும் பிளேட்டுக்கு நடுவில் தங்கியிருக்கும். அது சிக்கரி கலந்த ஃபில்டர் தூளாகத்தான் இருக்கும். ஒரு பிடி கொட்டையை ஓட்டி அந்த முதல் பிடியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் விழுவதை வாங்கிக்கொள்ளுங்கள். சுடச்சுடக் கட்டிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். பிளேட்டிலிருந்து வரும்போது தூள் வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே பையில் அடைத்தால் உள்ளே வியர்க்கும். தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கட்டினால்தான் தூளுக்கு ஆயுசு.

கொட்டையைப் பற்றிச் சொல்லாமல் அரைப்பைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவை வியாபாரத்தில் பிளான்டேஷன் என்போம். பருமனைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். கழுவிய ராபஸ்டாவுக்கு பார்ச்மென்ட் என்று பெயர். பழத்தோடு காயவைத்தது செர்ரி. ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை இருந்தால் அது பீபெரி. கடை வழக்கில் பி.பி. ஃபில்டருக்கு பி.பி.தான் உசத்தி என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வறுக்கும்போது டிரம்மில் உருண்டு உருண்டு எல்லாப் பக்கமும் சீராக வேகும் என்பது அதற்கு நியாயம். மேடை மெஷினுக்கு அது கட்டாயமில்லை. பிளான்டேஷன் ஏ நான்கு பங்கு, ராபஸ்டா பார்ச்மென்ட் ஒரு பங்கு போட்டால் எனக்குத் திருப்தியாக வருகிறது. அராபிகா மட்டும் போட்டால் வாசனை வரும், கெட்டி வராது. ராபஸ்டா அதிகமானால் கசப்பு, காஃபீனும் கூடும். அராபிகாவில் நூற்றுக்கு ஒன்றேகால் அளவில் இருப்பது ராபஸ்டாவில் இரண்டுக்கு மேல் போகும்.

ஏற்காட்டுக் கொட்டையும் தாண்டிக்குடிப் பக்கத்துக் கீழ்ப்பழனிக் கொட்டையும் இதில் நன்றாகப் பேசும். புளிப்பே ஆகாது என்பவர்களுக்கு மான்சூன் மலபார் இருக்கிறது. மங்களூர்க் கரையோரக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் ஊதவிட்டு எடுப்பது. கொட்டை வெளுத்து உப்பிவிடும், புளிப்பு அடங்கிவிடும். குளிர்ந்த காபிக்கு அது சாது. எனக்கு அது கொஞ்சம் ரொம்பச் சாது.

வறுவலில் ஒரு நுணுக்கம். தண்ணீர் தூளிலிருந்து முதலில் எடுப்பது புளிப்பை, இனிப்பு அதன்பின், கசப்பு கடைசி. நேரத்தைச் சுருக்கினால் புளிப்போடு நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் ஊறலுக்கு வறுப்பதைவிட ஒரு சாயல் கூடுதலாக வறுக்கிறேன். டிரம்மில் வெடிச் சத்தம் அடங்கியபின் இன்னும் சிறிது நேரம், கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்குவதற்கு முன். இதைக் கடிகாரத்தில் பார்க்க முடியாது. புதுப் பயிர் ஈரம் ஒருமாதிரி, பழைய கொட்டை ஒருமாதிரி. மாஸ்டர் கரண்டியில் நாலு கொட்டையை எடுத்து ஊதி, ஒன்றைக் கடிப்பார். ‘டொக்’ என்று உடைந்தால் இன்னும் ஆகவில்லை. ‘நொறுக்’ என்றால் இறக்கு. அந்த ‘நொறுக்’ எனக்குப் பிடிபட ஆன காலத்தில் என்னோடு சேர்ந்த பையன்கள் இருவர் வேறு தொழிலுக்கே போய்விட்டார்கள்.

வறுத்த அன்றைக்கே மெஷினில் போடக் கூடாது. நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லி நம்பவைப்பது கஷ்டம். எதிரில் வறுத்து எதிரில் அரைத்துக் கொடுத்தால்தான் புதுசு என்று வளர்ந்தவர்கள். ஃபில்டருக்கு அது சரி, கொதிநீர் வாயுவை விரட்டிவிடும். பச்சைத் தண்ணீருக்கு அந்தத் திராணி கிடையாது. காற்றை உறிஞ்சும் மெஷின் வைத்திருக்கும் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவர் காலையில் வறுத்ததை மாலையில் அரைத்து வாங்கிப்போனார். மெஷினைப் போட்டதும் நுரை பொங்கி மூடி வழியாக வந்து மேடை முழுக்க வழிந்ததாம். மெஷின் கெட்டுவிட்டது என்று பெட்டியில் கட்டிவைத்துவிட்டு வந்து புலம்பினார். அதே தூளை நாலைந்து நாள் மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பொங்கவில்லை. வறுத்த கொட்டைக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயு போக அவ்வளவு நாள் பிடிக்கும். அது உள்ளே இருக்கும்வரை தண்ணீரைப் புகவிடாது.

மாஸ்டர் இப்போது கடைக்கு வருவது எப்போதாவதுதான். அப்படி வந்த ஒரு நாள் இந்த மெஷினைப் பார்த்தார். தொடவில்லை. குனிந்து பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டார். “ஒரு தரம் ஊத்துனதையே திரும்ப ஊத்துதா?” என்றார். ஆமாங்க என்றேன். “அப்ப அரைப்பை இன்னும் ஒரு நூல் இறுக்கு. ரெண்டாம் டிகாக்‌ஷனைத் திரும்ப அதே தூள் மேல ஊத்துற கணக்குத்தானே இது.” அவர் சொன்னபடி இறுக்கினேன். வந்த காபியில் வித்தியாசம் தெரிந்தது. அதைக் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். “கெட்டி பத்தலையே கண்ணு. சிக்கரி போடலையா?”

சிக்கரிதான் நம் நாக்கின் பழக்கம். அது ஒரு கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்துப் பொடித்தால் கறுப்பும் கெட்டியும் ஒருவித வெல்லக் கசப்பும் கொடுக்கும். அதில் காஃபீன் இல்லை. கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். எண்பதுக்கு இருபது என்று வாங்குகிற வீடுகள்தான் எங்களுக்கு அதிகம். அந்த எண்பதுக்கு இருபதை மேடை மெஷினில் போட்டால் என்ன ஆகும்? சிக்கரி தண்ணீரைக் குடித்து வீங்கி வழவழவென்று ஆகிவிடும். ஃபில்டரில் அது நல்லதற்கே. தண்ணீரைப் பிடித்து நிறுத்தி மெதுவாக இறக்குகிறது. சுற்றிச் சுற்றி ஊற்றும் மெஷினில் அது வலையின் துளைகளைப் பூசி மூடிவிடும். தண்ணீர் கூடையின் மேல் விளிம்பில் தேங்கி, தூளைத் தொடாமல் ஓரமாக வழிந்து இறங்கும். ‘தண்ணீராக வருகிறது’ என்ற புகாரில் பாதிக்குக் காரணம் இதுதான்.

சிக்கரியை விடவும் முடியாது, போடவும் முடியாது என்ற இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். சிக்கரியைத் தனியாகப் பிரித்துவிடுவது. பத்து கிராம் சிக்கரித் தூளில் 60 மில்லி கொதிநீர் ஊற்றி, பத்து நிமிஷம் மூடி வைத்து, துணியில் வடிகட்டி ஆறவிட வேண்டும். சின்ன பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். காபி தனியாக மெஷினில் இறங்கட்டும். கலக்கும்போது டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி சிக்கரி நீர். மெஷின் அடைக்காது, கெட்டியும் வரும், ஒவ்வொருவரும் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்காரர்களுக்கும் சிக்கரிக் காபியின் மேல் நமக்கிருக்கும் பிரியம் உண்டு. குளிர்ந்த காபியிலும் போட்டுத்தான் குடிக்கிறார்கள். ஆகவே இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்களைப் போன்ற கடைகளில் சிக்கரியைத் தனியாகக் கேட்டாலும் நிறுத்துக் கொடுப்போம்.

தண்ணீர். சிறுவாணி குடித்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது, சுருக்கமாக முடிக்கிறேன். சூடான காபியில் மறைந்துவிடும் தண்ணீர்க் குற்றம் குளிர்ந்ததில் அப்படியே நாக்கில் நிற்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் காபி மந்தமாக வரும். கேன் தண்ணீரில் சாரம் எல்லாம் வடிகட்டப்பட்டிருப்பதால் காபி மெலிந்து, புளிப்பு துருத்திக்கொண்டு வரும். கேன் தண்ணீர்தான் கதி என்றால், காய்ச்சி ஆறவைத்த குழாய்க் குடிநீரை அதில் கால் பங்கு கலந்து பாருங்கள்.

இனி மெஷினில் போடும் முறை. கரண்டிக் கணக்கை விடுங்கள். ரவைப் பதத் தூள் ஒரு கரண்டியும் ஃபில்டர் தூள் ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 60 கிராம் தூளுக்கு 300 மில்லி தண்ணீர். ராத்திரி ஊறலுக்கு இதே தண்ணீரில் 40 கிராம் போதும். அவசரத்துக்குக் கொடுக்கும் கூலி அந்த 20 கிராம். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எனவே கையில் கிடைப்பது 180 மில்லி சுமார். குறைந்துவிட்டதே என்று ஈரத்தூளைப் பிழியாதீர்கள். பிழிந்தால் வருவது கசப்பும் வண்டலும்தான்; சொட்டி முடியும்வரை காத்திருங்கள்.

தூளைக் கூடையில் போட்டதும் மட்டம் தட்டுங்கள். விரலால் அமுக்க வேண்டாம், கூடையைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் போதும். மேடும் பள்ளமுமாக இருந்தால் தண்ணீர் பள்ளத்தில் ஒரு ஓடை போட்டுக்கொள்ளும். பிறகு எத்தனை தரம் சுற்றினாலும் அந்த ஓடையில்தான் போகும். மேட்டுத் தூள் கடைசிவரை உலர்ந்தே கிடக்கும். முடிந்ததும் கூடையைக் கவிழ்த்துத் தூளை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிறிய உலர் திட்டு இருந்தால் உங்கள் காபி ஏன் சப்பென்று இருந்தது என்று தெரிந்துவிடும். கற்றுக்கொள்கிறவர்கள் காபியைக் குடித்துப் பார்ப்பதற்கு முன்னால் சக்கையைப் பார்க்கப் பழக வேண்டும்.

மெஷினை ஓட்டும் முன், அந்த 300 மில்லியில் 60 மில்லியை மட்டும் சூடாக எடுத்துக்கொண்டு, கொதிக்க வேண்டாம், தூள் முழுவதும் நனையும்படி சுற்றி ஊற்றுங்கள். அரை நிமிஷம் பொறுங்கள். தூள் உப்பி, வாசனை எழும்பும். பிறகு பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் அது கோல்ட் ப்ரூவே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். ஃபில்டரிலும் முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தூளை நனைத்த பிறகுதான் மிச்சத்தை ஊற்றுவோம். அந்த அரை நிமிஷத்தில் கிடைப்பது மெஷின் பத்து நிமிஷம் சுற்றினாலும் கிடைக்காது.

ஐஸைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ‘கோல்ட்’ என்று பெயர் இருப்பதால் ஜில்லென்ற தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். வேகத்துக்காக மெஷின் வாங்கிவிட்டு அதன் வேகத்தை ஐஸ் போட்டுக் குறைப்பது என்ன நியாயம்? நம் வீட்டுப் பானைத் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதுவே சரி. இறங்கிய காபியைக் குளிரவைத்துக் கொள்ளலாம், ஐஸ் டம்ளருக்குத்தான்.

நேரத்தை மெஷினின் பொத்தானைப் பார்த்து முடிவு செய்யாமல் ஸ்பூனில் முடிவு செய்யுங்கள். புதுத் தூள் வாங்கிய முதல் நாள் மட்டுமாவது இதைச் செய்ய வேண்டும். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தி ஒரு ஸ்பூன், பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. நான்கு சின்னக் கிண்ணங்களில் வரிசையாக வைத்து ருசியுங்கள். எங்கள் மெஷினில் ஐந்தில் நிறம் வந்துவிடுகிறது, ருசி வருவதில்லை. பத்தில் புளிப்பும் பச்சை வாடையும். இருபதைத் தாண்டும்போது இனிப்பு உள்ளே வருகிறது. முப்பத்தைந்துக்கு மேல் ஓட்டினால் கலங்கல்தான் கூடுகிறது. உங்கள் மெஷினில் இது வேறாக இருக்கும். நிறத்தை நம்பி நிறுத்துகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ருசிக்கு வெகு முன்னாலேயே நிறம் வந்துவிடும்.

கிடைத்ததை அப்படியே குடிக்கக் கூடாது. சமபங்கு தண்ணீரோ பாலோ ஐஸோ சேர்க்க வேண்டும். புளிப்பும் கசப்பும் அடங்கி மென்மையாக இருப்பதால் உள்ளே போவதே தெரியாது. பரீட்சைக்குப் படிக்கும் கல்லூரிப் பையன் ஒருவர் ராத்திரி ஒரு டம்ளரைக் கலக்காமலே குடித்துவிட்டு மறுநாள் சிவந்த கண்ணோடு கடைவாசலில் நின்றார். தூக்கம்தான் வரவில்லையே தவிர படிப்பும் ஓடவில்லையாம்.

சர்க்கரை இதில் சட்டென்று கரையாது. சர்க்கரையும் தண்ணீரும் சமமாகச் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகு ஒரு பாட்டிலில் இருக்கட்டும். நாட்டுச்சர்க்கரை என்றால் காய்ச்சி வடிகட்டிவிடுங்கள், அடியில் மண் நிற்கும். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை முழுக்க எடுத்துவிட்டுக் குளிரவையுங்கள். ஆடை இருந்தால் கொழுப்புத் துணுக்குகள் மேலே மிதந்து பார்க்கவே நன்றாக இருக்காது. பால் சேர்க்காத காபி மூடிய கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜுக்குள் நாலு நாள் நன்றாக இருக்கும். பால் சேர்த்தது அன்றைக்கே முடிய வேண்டும்.

எங்களிடம் நெடுநாளாகத் தூள் வாங்கும் டீச்சரம்மா ஒருவருக்கு இதைக் கலக்கிக் கொடுத்தேன். “நல்லாத்தான் இருக்குதுப்பா. ஆனா காபி போட்டா அடுத்த வீடு வரைக்கும் தெரியணும். இது போட்ட வீட்டுக்கே தெரியலையே” என்றார். அவர் சொன்னது உண்மை. வாசனை ஆவியில்தான் எழும். பச்சைத் தண்ணீரில் அது திரவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும், வாயில் விட்டபின்தான் தெரியும். அதற்கு நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மெஷின் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், வீட்டில் ஃபில்டர் இருக்கிறதே. மேல்தட்டில் தூளைப் போட்டு, குமிழ் வைத்த தட்டை லேசாக வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் கீழே நிற்கும். சிக்கரி கலந்த தூள்கூட அதில் இறங்கும், நேரம் ஆனாலும். உண்மையைச் சொன்னால், முந்தின நாளே ஞாபகமாக ஊற வைக்கும் வீட்டுக்கு இந்த மெஷின் தேவையே இல்லை. திடீரென்று விருந்தாளி வரும் வீட்டுக்கும், மத்தியான வெயிலில்தான் ஆசை வரும் என்னைப் போன்றவனுக்கும் அது உபயோகம்.

வாங்கியவர்கள் அதைக் கழுவ வேண்டும். காபியில் எண்ணெய் இருக்கிறது. வலையில் ஒட்டி, இரண்டு மூன்று நாளில் சிக்கு வாடை பிடித்துவிடும். அதற்கப்புறம் எந்தக் கொட்டை போட்டாலும் அந்த வாடைதான். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் அலசி, வாரம் ஒரு முறை வலையைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். பம்ப் வைத்த மெஷினில் குழாய்க்குள் காபி நின்றுவிடும். வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு சுற்று ஓட்டி முழுவதும் வடித்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊரில் இருப்பவர்கள் அவ்வப்போது வினிகர் கலந்த தண்ணீரையும் ஓட்டிவிட்டு, பிறகு இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மெஷினுக்கு என்று தூள் கேட்டு வருகிறவர்கள் மெஷினின் பெயரைச் சொல்கிறார்கள், விலையையும் சொல்கிறார்கள். அதை வைத்து நான் ஒன்றும் அரைக்க முடியாது. வலைக்கூடையைக் கழற்றி எடுத்து வாருங்கள். வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்துவிட்டுத்தான் பிளேட்டை வைப்பேன். துடைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் நல்லது. ஈரக் கூடையில் தூளைப் போட்டுப் பார்க்க முடியாது.